மலையோரம் கேள்வி–பதில்: மூன்று, நான்கு, ஆறு அங்குலம்

தபாலில் வந்ததையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து அடுக்கிப் பார்த்தேன். இந்த முறை முக்கால்வாசிக் கேள்வி மண்சரிவைப் பற்றித்தான். ஐப்பசி வாசலில் நிற்கும்போது மலையில் இருப்பவர்களுக்கு வேறு எது நினைவுக்கு வரும்? அக்டோபர் 13 சர்வதேசப் பேரிடர் அபாயக் குறைப்பு நாள் என்பதால் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி வேறு வைக்கிறார்கள் போலிருக்கிறது. சில கேள்விகளில் பரீட்சை வாசனை அடிக்கிறது. பரவாயில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விஞ்ஞானி இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் 31 வருடம் எழுத்தராக இருந்தவன். கொழுந்துக் கணக்கு, செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு, அதோடு தினமும் காலையில் மழைக்கணக்கு. பிறந்தது இலங்கை பதுளைப் பக்கம். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பா பெயர் வந்து, 1972இல் ராமேஸ்வரத்தில் இறங்கும்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டு மலையையும் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி.

'சென்டாய் கட்டமைப்பு' பற்றி மாணவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்கிறார்கள். ஜப்பானில் உட்கார்ந்து எழுதியதற்கும் எங்கள் தெருவுக்குப் பின்னால் நிற்கிற மண்மேட்டுக்கும் என்ன சம்பந்தம்?
*பள்ளி ஆசிரியை, குன்னூர்*

சம்பந்தம் இருக்கிறது டீச்சர், கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

சென்டாய், ஜப்பானின் வடகிழக்கில் உள்ள ஊர். 2011 மார்ச் 11 சுனாமி அடித்த பகுதி. நான்கு வருடம் கழித்து, 2015 மார்ச்சில், அதே ஊரில் ஐ.நா. மாநாடு கூடி 187 நாடுகள் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. 2030 வரைக்குமானது. அதற்கு முந்தையது 2005 ஜனவரியில் கோபேயில் ஆனது. கோபே நிலநடுக்கத்தின் பத்தாவது வருடம், நம் கடற்கரையில் சுனாமி வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அதற்கும் முந்தையது 1994இல் யோகோஹாமாவில். மூன்றுமே ஜப்பானில் நடந்தது தற்செயல் இல்லை. அடி வாங்கியவன்தான் அடுத்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவான்.

சென்டாயில் ஏழு இலக்குகள். சாவைக் குறைப்பது, பாதிக்கப்படுவோரைக் குறைப்பது, பொருள் நஷ்டம், ஆஸ்பத்திரி–பள்ளி–சாலை சேதம், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு திட்டம், வளரும் நாடுகளுக்கு உதவி, ஏழாவதாக முன்னெச்சரிக்கை. உங்கள் மண்மேட்டுக்கு உரியது இந்த ஏழாவது. அதில் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு: எச்சரிக்கை 'இருக்க வேண்டும்' என்பதோடு நிறுத்தவில்லை, அது மக்களுக்குக் 'கிடைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்த மாதப் பதில்கள் எல்லாமே.

இது சட்டம் இல்லை. மீறினால் யாருக்கும் அபராதம் கிடையாது. ஆனால் இதையொட்டித்தான் 2016இல் நம் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் வந்தது. அந்த வழியிலேயே கீழே இறங்கி வந்தால் மாவட்ட அளவில் ஆபத்தான இடங்களின் பட்டியலைப் பிடிக்கலாம். நீலகிரியில் 283 இடங்கள் என்று வருடாவருடம் பேப்பரில் படிக்கிறோமே, அதுதான். பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்வதைவிட, தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போய், 'எங்கள் தெரு அந்த 283இல் இருக்கிறதா?' என்று கேட்கச் சொல்லுங்கள். முழு மார்க் போடலாம்.

டி.வி.யில் 'கேத்தியில் 82 செ.மீ. பெய்தது' என்கிறார்கள். 82 செ.மீ. என்றால் என்ன? வீட்டில் நாமே அளக்க முடியுமா?
*ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், எடப்பள்ளி*

முடியும். முடியும் என்பது மட்டுமில்லை, மலையில் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது அளக்க வேண்டும். ஏனென்றால் இங்கே ஒரு மேட்டில் கொட்டும்போது அடுத்த மேட்டில் வெயில் காய்கிறது. ஆபீஸ் மழைமானி ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது சொல்வது அந்த ஊர் மழை, உங்கள் ஊர் மழை இல்லை.

எஸ்டேட்டில் நாங்கள் மில்லிமீட்டர் பேசியதில்லை. அங்குலமும் சென்ட்டும்தான். நூறு சென்ட் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. நிலத்தையும் சென்ட்டில்தான் சொல்கிறோம். ஒருநாள் வேலை இல்லாத மத்தியானத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்ட் மழை பெய்தால் ஏறக்குறைய பத்து லிட்டர், ஒரு குடம். ஆறு அங்குலம் பெய்தால் சென்ட்டுக்கு அறுநூறு குடம். உங்கள் வீடு ஐந்து சென்ட் என்றால் மூவாயிரம் குடம் தண்ணீரை யாரோ ஒரே ராத்திரியில் உங்கள் முற்றத்தில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஓடிப்போனது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு என்பதில் இருக்கிறது எல்லாம். 2009 நவம்பர் 10 காலை வரை கேத்தியில் 24 மணி நேரத்தில் பெய்தது 82 செ.மீ.; சென்ட்டுக்கு மூவாயிரத்து முந்நூறு குடம் ஆகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியிலும் அதே 82. அவலாஞ்சி என்ற பெயரே (ஆங்கிலத்தில் 'அவலாஞ்ச்' என்றால் சரிவு) இருநூறு வருடத்துக்கு முன் அங்கே நடந்த ஒரு பெரிய மண்சரிவால் வெள்ளைக்காரர்கள் வைத்தது. பெயர் வைத்துவிட்டே போயிருக்கிறார்கள், நாம்தான் பெயர்ப்பலகையாகப் பார்க்கிறோம்.

அளப்பது சுலபம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எடுத்து, மேல்பக்கம் சரிந்து குறுக ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள். அடியில் மேடுபள்ளமாக இருக்கும், கூழாங்கல் போட்டுப் பக்கம் நேராக ஆரம்பிக்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டிவிட்டால் முடிந்தது. பாத்திரம் அகலமோ குறுகலோ, பக்கம் நேராக இருந்தால் உயரம் ஒன்றாகத்தான் வரும். கூரைத் தண்ணீர் சொட்டாத, மரம் மறைக்காத இடத்தில் காற்றில் விழாமல் வையுங்கள். சில்வர் ஓக் பத்தடி உயரம் என்றால் இருபதடி தள்ளி வைக்க வேண்டும்.

காலை எட்டரைக்கு அளங்கள். ஏன் எட்டரை என்று எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு வானிலைத் துறை ஆளிடம் கேட்டேன். லண்டன் கிரீன்விச்சில் அப்போது விடிகாலை மூன்று மணி. உலகம் முழுக்க எல்லாரும் ஒரே கணத்தில் அளந்தால்தான் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒட்டிப் பார்க்க முடியும் என்றார். சர்வதேச ஒத்துழைப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் ரொம்பப் பழையது இந்த எட்டரை மணிதான் என்று எனக்குப் படுகிறது. சண்டை போட்டுக்கொள்ளும் நாடுகள்கூட பெரும்பாலும் மழையளவை மறைப்பதில்லை.

இப்போது என் குறை. 2009 நவம்பர் 9 ராத்திரி பத்து மணி. மழைமானி வழிந்துவிடுமோ என்று டார்ச்சும் சாக்குமாகப் போனேன். பாட்டில் நிறைந்து வெளிக்கூட்டுக்குள் வழிந்திருந்தது. காலை முதல் அதுவரைக்கே ஐந்து அங்குலத்தைத் தாண்டியிருந்தது. பென்சிலால் குறித்தேன், காலிசெய்து திரும்ப வைத்தேன், ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மூன்று மணிக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் கீழ் லைன் வீடுகளின் பின்மேடு இறங்கியது. இரண்டு வீட்டுப் பின்சுவர் உள்ளே சாய்ந்தது. ஒரு பாட்டிக்குக் கால் முறிந்தது, கட்டியிருந்த ஆடுகள் நான்கும் போயின. உயிர்ச்சேதம் இல்லை, அதுவும் நல்லகாலம்தான். என்னிடம் எண் இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் மழையை அளந்தது தேயிலைக்காக. லைன் வீட்டுக்காக அளக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டித்வா புயலில் பதுளையில் என் சின்னம்மா குடும்பம் வீட்டை இழந்தது. அங்கே மண்சரிவுக்கென்றே தனி ஆபீஸ் இருக்கிறதாமே? நமக்கு அவர்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
*வாசகி, கூடலூர்*

அம்மா, உங்கள் சின்னம்மா உயிரோடு இருப்பதில் சந்தோஷம். 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயலில் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலும் மலையகத்தில், மண்ணுக்கடியில். எங்கள் வீட்டிலும் மூன்று நாள் போன் கிடைக்காமல் அடுப்பு சரியாக எரியவில்லை.

நீங்கள் சொல்லும் ஆபீஸின் பெயர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பெயரைப் பார்த்தால் சிமெண்ட் சோதிப்பவர்கள் மாதிரி இருக்கும், ஆனால் இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை தருவது அவர்கள்தான். ஜப்பான்காரர்கள் பல வருடம் கூடவே இருந்து வேலை பழக்கியிருக்கிறார்கள். 2017இல் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு பண்டாரவளை போயிருந்தபோது, அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு எதிரே கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி. வீட்டு மருமகள், எட்டாவது படித்த பெண், என்னிடம் விளக்கினாள்: "மாமா, ஒரு நாளில் எழுபத்தஞ்சு தாண்டினா காதத் தீட்டி வச்சுக்கணும். நூறு தாண்டினா சாமான் கட்டணும். நூத்தம்பது தாண்டினா யாரையும் கேக்காம எறங்கிறணும். ஒரு மணி நேரத்துல எழுபத்தஞ்சு கொட்டினாலும் எறங்கிறணும்." மில்லிமீட்டர் கணக்கு. என் கணக்கில் மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம்.

கையில் இருந்த டீ ஆறிப்போனது தெரியவில்லை. 31 வருடம் ரிஜிஸ்டர் எழுதியவனுக்குத் தெரியாதது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு எட்டு வருடத்துக்கு முன்னால், ஐந்து அங்குலத்தைக் குறித்துவிட்டுத் தூங்கப் போனவன் நான்.

இந்த மூன்று எண்ணையும் அப்படியே நீலகிரிக்கு எடுத்து வைக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மண் வேறு, சரிவு வேறு. முந்தைய பத்து நாள் எவ்வளவு பெய்தது என்பதும் கணக்கில் வரும். ஏற்கெனவே ஊறிப்போன மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து அழுத்தம் ஏறினால் மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகிறது. அப்போது நான்கு அங்குலமே போதும். நம் மலைக்கான எண்ணை நம் மண்ணில்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை: விஞ்ஞானி கண்டுபிடித்ததை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் தானாக முடிவெடுக்கிற அளவுக்குச் சுருக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்களே, அதை.

ஆனால் அங்கேயும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லைன் வீடுகள் வரிசையாகப் புதைந்தன. நம் சனம்தான். அந்த இடம் ஆபத்து, காலி செய்யுங்கள் என்று 2005லும் 2011லும் சொல்லியிருந்தார்கள். காலி செய்து எங்கே போவது? வீடும் அவர்களுடையதில்லை, நிலமும் அவர்களுடையதில்லை. எண் தெரிந்தும் இறங்குவதற்கு இடம் இல்லை என்றால் அந்த எண்ணை வைத்து என்ன செய்ய? இந்தப் பக்கமும் எத்தனை லைன் வீடுகள் அதே நிலையில் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

போன மழையில் 'நிலச்சரிவு வாய்ப்பு' என்று மெசேஜ் வந்தது. கடையை அடைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் வியாபாரம் போச்சு. இப்படிப் புலி வருது புலி வருது என்றால் யார் நம்புவது?
*மளிகைக் கடைக்காரர், மஞ்சூர்*

கோபம் நியாயம்தான். ஆனால் தேயிலையில் கொப்புள நோய்க்கு மருந்து அடிக்கிறோம், அந்த வருடம் நோய் வரவில்லை. மருந்துக்காசு தண்டம் என்று எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த எச்சரிக்கை எப்படித் தயாராகிறது என்பது கொஞ்சம் தெரிந்தால் கோபம் குறையலாம். 2016 வாக்கில் 'லேண்ட்ஸ்லிப்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பிரிட்டனின் புவியியல் ஆய்வு நிறுவனம், அவர்கள் வானிலைத் துறை, லண்டன் கிங்ஸ் கல்லூரி, இத்தாலியின் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், இந்தப் பக்கம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, அமிர்தா பல்கலைக்கழகம், நம் கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பு. சோதனைக்கு எடுத்த இடங்கள் இரண்டே இரண்டு: டார்ஜிலிங்கும் நீலகிரியும். எவ்வளவு மழைக்கு எந்த மாதிரிச் சரிவு என்று பழைய சம்பவங்களை வைத்துக் கணக்குப் போட்டு, 2020 பருவமழையில் மாவட்ட நிர்வாகத்துக்குச் சோதனை அறிக்கை அனுப்ப ஆரம்பித்தார்கள். 2024 ஜூலை 19இல் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தபோதும் முதல் வரிசையில் நம் மாவட்டம் இருந்தது. நாட்டிலேயே முதலில் பரிசோதித்துப் பார்த்த மலையில்தான் உங்கள் கடை இருக்கிறது.

ஆனால் அந்த அறிக்கை 'இந்தத் தாலுகாவில் வாய்ப்பு அதிகம்' என்றுதான் சொல்லும். எந்த மேடு, எத்தனை மணிக்கு என்று சொல்லாது. ஒரு தாலுகா முழுக்க அப்படிச் சொல்ல எந்த நாட்டிலும் இன்னும் யாராலும் முடியாது. தாலுகாவில் எங்கோ ஓர் ஓடைக்கரையில் சரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படி ஆள் இல்லாத இடத்தில் சரிந்ததைக்கூட 1077க்குப் போன் செய்து சொல்லுங்கள். அந்த எச்சரிக்கை சரியா தப்பா என்று கணக்குப் போடுபவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். சொல்லாவிட்டால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அவர்கள் நோட்டிலும் பதிவாகும், அடுத்த வருட எண்ணும் கோணலாகும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்த மெசேஜ்களின் தமிழ்! 'மிதமான நிகழ்தகவு' என்று ஒன்று எனக்கும் வந்தது. மிதமான என்றால் ஊரில் 'பயப்படாதே' என்று அர்த்தம். மிதமான காரம், மிதமான சூடு. எழுதியவர் நினைத்தது 'கவனமாக இரு'. லண்டனிலிருந்து கொல்கத்தா வழியாக ஊட்டி வரை பத்திரமாக வந்த விஷயம் கடைசி ஒரு சொல்லில் வழுக்கி விழுகிறது. பண்டாரவளைப் பெண் சொன்ன 'காதத் தீட்டி வச்சுக்கணும்' அதைவிட நூறு மடங்கு தெளிவு.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்க்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் வயநாட்டில் முன்கூட்டியே தெரியவில்லை?
*கல்லூரி மாணவர், உதகை*

தம்பி, மழை மேகம் மூடியிருக்கும்போது சாதாரண கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். ரேடார் வைத்த செயற்கைக்கோளுக்கு மேகம் தடையில்லை, ஆனால் அது அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு மேலே வர வேண்டுமே. 2024 ஜூலை 30 வயநாடு சூரல்மலை சரிவுக்குப் பிறகு இஸ்ரோ எடுத்த படத்தில் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்ததும், சேறும் பாறையும் எட்டு கிலோமீட்டர் ஓடியதும் தெளிவாகத் தெரிந்தது. எல்லாம் பிறகுதான்.

ஆபத்து நேரத்தில் ஒரு நாட்டுச் செயற்கைக்கோள் படத்தை இன்னொரு நாட்டுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சாசனம் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் பிரான்சும் ஆரம்பித்தது, 2001இல் இஸ்ரோவும் சேர்ந்தது. வயநாடு நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலை 30 அன்று, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நிலம் ஒரு சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கும். மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் மேடுகளைப் பட்டியல் போட இது பெரிய உதவி. ஆனால் ஒரே ராத்திரியில் கிளம்புகிற சரிவுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாது.

நீ படிக்க வேண்டியது வயநாட்டிலேயே இன்னொன்று இருக்கிறது. கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம், விவசாயிகள் வீட்டில் இருநூறு வாக்கில் மழைமானி வைத்து மழையளவு சேகரிக்கிறது. சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் 572 மி.மீ. பெய்திருந்தது. அந்த மலைக்கு இந்தப் பக்கம்தான் நம் கூடலூர், பந்தலூர். அங்கே பெய்வது இங்கே தெரிய லண்டன் வரை போக வேண்டியதில்லை, பக்கத்து மாநிலம் போதும். ஒருவேளை அதுதான் கஷ்டமோ என்னவோ.

எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் என்கிறீர்கள். நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியாததா? சோலையை வெட்டித் தேயிலையும் கற்பூர மரமும் வைத்ததே அவர்கள்தானே!
*கோபக்கார வாசகர், உதகை (அவரே இப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்)*

கடைசி வரி உண்மை. அதில் உங்களோடு சண்டை இல்லை.

பாட்டன் விஷயத்துக்கு வருவோம். பழைய ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சரிவு குறைந்த இடமாகப் பார்த்து, ஓடையை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். பாட்டன் ஓடையை மூடி வீடு கட்டவில்லை, பேரன் கட்டினான். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், மேட்டில் மரங்கள் ஒரே பக்கம் சாய ஆரம்பித்தால், கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூட மறுத்தால் கிளம்பு என்பது எந்தப் புத்தகமும் வருவதற்கு முன்பே மலையில் இருக்கிற அறிவு. இன்றைக்கு ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கும் துண்டறிக்கையிலும் இதையேதான் போடுகிறார்கள்.

அப்புறம், போன அறிவு திரும்பி வந்த கதை ஒன்று. வெட்டிவேர். 1980களில் கர்நாடகத்தில் வேலை பார்த்த உலக வங்கி நிபுணர்கள், விவசாயிகள் வரப்பில் வெட்டிவேர் வைப்பதைப் பார்த்தார்கள். செங்குத்தாக ஆளுயரத்துக்கு மேல் இறங்கும் வேர், மண்ணைத் தைத்த மாதிரி பிடிக்கும். அதை ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். தாய்லாந்தில் அரசரே முன்னின்று பரப்பினார். இப்போது அது 'வெட்டிவேர் தொழில்நுட்பம்' என்று வெளிநாட்டு முத்திரையோடு நமக்குத் திரும்பி வருகிறது. நம் சொல்லையே வைத்திருக்கிறார்கள், அதுவரை மரியாதை. ஜப்பான்காரனின் 'சாபோ'வும் அப்படித்தான்: மலையோடையில் வரும் மண்ணையும் கல்லையும் தடுத்து நிறுத்தும் கட்டுமானங்களுக்கு அவர்கள் மொழிச் சொல்லே உலகம் முழுக்க ஓடுகிறது.

அறிவுக்கு ஊர் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் ஊர் உண்டு. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவு, 138 பேர் போனார்கள். அதில் ஒன்று நடந்த சாவ் மாவ் பிங் பகுதியிலேயே 1976இல் மறுபடியும் 18 பேர். அதற்குப் பிறகு சரிவுக்கென்றே தனி ஆபீஸ் வைத்து, மனிதன் வெட்டிய சரிவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சுமார் அறுபதாயிரம். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண். இந்தச் சரிவைப் பராமரிக்க வேண்டியது யார் என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். அது ஹாங்காங் அறிவு, அவர்கள் ரத்தம் சிந்தி வாங்கியது. நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெட்டி நிறுத்தியிருக்கும் சுவருக்கு யார் பொறுப்பு என்று நாலு ஆபீசில் கேட்டுப் பாருங்கள், நாலு பேரும் அடுத்த ஆபீசைக் கை காட்டுவார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் பஸ்ஸையும் ரயில் பாதையையும் சேர்த்து மலை இழுத்துக்கொண்டு போனதே, அதிலிருந்து ஒரு பலகையாவது நட்டோமா?

வீட்டுக்குப் பின்னால் மண்ணை ஜே.சி.பி. வைத்து வெட்டிச் சமப்படுத்தலாமா?
*வாசகர், கட்டபெட்டு*

அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி கிடைத்தாலும் வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதை முடிவுசெய்யுங்கள். தடுப்புச் சுவரில் வடிகுழாய் வைக்காத கொத்தனாருக்குக் கூலி கொடுக்காதீர்கள். வைத்திருந்தால் வருடா வருடம் மழைக்கு முன் கம்பி விட்டுக் குத்தி அடைப்பு எடுங்கள். சுவர் விழுவது பெரும்பாலும் மண்ணால் இல்லை, பின்னால் தேங்கும் தண்ணீரால்.

நீங்கள் எஸ்டேட்டில் எழுதிய மழை ரிஜிஸ்டர்கள் இப்போது எங்கே?
*முன்னாள் ஃபீல்டு ஆபீசர், கோத்தகிரி*

நீங்கள் யார் என்று கையெழுத்திலேயே தெரிகிறது சார். நல்லா இருக்கீங்களா?

ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆனபோது பழையதெல்லாம் பேப்பர் கடைக்குப் போக இருந்தது. எடை போட்டு வைத்திருந்தார்கள். நான் கேட்டு, பதினான்கு ரிஜிஸ்டரை எடுத்துவந்துவிட்டேன். இப்போது கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, நடுவில் அந்துருண்டை. வீட்டம்மாவுக்குப் பெட்டி இடைஞ்சல்.

போன கோடையில் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் வந்து மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: எந்தத் தேதி, எவ்வளவு மழை, எங்கே சரிந்தது. முதல் இரண்டும் என் ரிஜிஸ்டரில் இருக்கிறது. மூன்றாவது இல்லை. அதை நான் எழுதவே இல்லை. எழுத அதில் கட்டம் கிடையாது. 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் கவாத்து எப்போது, உரம் எப்போது என்றுதான் இருக்கும். 2009 நவம்பர் 10 பக்கத்தை அந்த மாணவர்களில் ஒரு பெண் திருப்பியபோது குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'கொழுந்து எடுக்கவில்லை' என்று மட்டும் இருந்தது.

ஆகவே வாசகர்களுக்கு இந்த மாதம் என் கேள்வி. உங்கள் எஸ்டேட், தோட்டம், பள்ளி, பங்களா எங்காவது பழைய மழைக்கணக்கு இருந்தால் 1978, 1993, 2009 மூன்று வருட நவம்பர் பக்கத்தை மட்டும் படம் எடுத்து, அந்த வாரத்தில் எந்த மேடு சரிந்தது என்று நினைவில் இருப்பதையும் ஒரு வரி எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். பாட்டி சொன்னது, ஆடு மேய்த்தவர் சொன்னது எதுவானாலும் சரி. அங்குலத்திலேயே இருக்கட்டும், மில்லிமீட்டராக நான் மாற்றிக்கொள்கிறேன்.